அருட்பா வழக்கும் ‘மாலிஸ்’ என்னும் சொல்லும்

தமிழாய்விதழ்கள் பலவும் இன்று கட்டுரையுடன் ஓர் ஆங்கில ஆய்வுச்சுருக்கத்தையும் கேட்கின்றன. அருட்பா மருட்பாப் பூசல் குறித்த கட்டுரைகளை மதிப்பிட நேரும்போது, அச்சுருக்கங்களில் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். தமிழில் மாறுபாடு, பகைமை, காழ்ப்பு, அழுக்காறு, வன்மம் என இடமறிந்து எழுதிய ஆய்வாளரே, ஆங்கிலத்திற்குச் சென்றதும் இவை அனைத்தையும் ‘மாலிஸ்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார். சலிப்புத் தட்டும்போது ‘இல்வில்’ வரும். சற்றுச் சூடேறினால் ‘ஸ்பைட்’ வரும். யானும் இதற்கு விலக்கல்லேன். மாணவப் பருவத்தில் எழுதிய என் ஆய்வேட்டுச் சுருக்கத்தில் அச்சொல் மூன்று இடங்களில் உள்ளது. ஒருவர் மனத்தைப் பற்றிய குற்றச்சாட்டு அது என்பதை அன்று உணரவில்லை.

நிகழ்ச்சி ஆய்வுலகம் அறிந்ததே. தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. ‘அருட்பா’, ‘திருமுறை’ என்னும் பெயர்களே சைவ மரபினர் சிலருக்கு உறுத்தலாயின. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயரை வாழும் ஒருவரின் பாடல்களுக்கு இடலாமா என்பது வினா. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்த ஆறுமுக நாவலர் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதினார். சிதம்பரம் கோயிலில் தம்மை இழித்துப் பேசினர் என்று 1869இல் அவர் இராமலிங்கர் முதலானோர்மீது கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். வழக்கின் முடிவை இருதரப்பு மரபுகளும் வெவ்வேறாகச் சொல்கின்றன. அம்முடிவு இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று.

ஆங்கிலச் சொல்லை முதலில் நோக்குவோம். ‘மாலிஸ்’ இலத்தீன் மொழியில் தீமை என்னும் பொதுப்பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. ‘மாலெவலன்ஸ்’ தீங்கு விரும்புதல். ‘ஸ்பைட்’ என்பதன் மூலம் கீழ்நோக்கிப் பார்த்தல், அதாவது இகழ்ச்சி. ‘ரேங்கர்’ ஊசிப்போன பண்டத்தின் நாற்றத்தைக் குறித்த சொல். நாட்பட்ட பகைக்கு ஆகிவந்தது. ஆங்கிலமே இவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை. அன்றியும், ‘மாலிஸ்’ அம்மொழியிலேயே இருபொருள் உடையது. வங்கியொன்று பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டதாகப் பரவிய சொல் பற்றி 1825இல் இங்கிலாந்தில் நடந்த பிராமேஜ் எதிர் பிராசர் வழக்கில், நீதிபதி பெய்லி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். வழக்குப்பொருளில் அது ஒருவர்மீது கொண்ட கெட்ட எண்ணம். சட்டப்பொருளில், தக்க காரணமின்றி வேண்டுமென்றே செய்த தவறான செயல். பின்னதற்கு நெஞ்சில் பகை இருக்க வேண்டியதில்லை. எனவே நாவலருக்கோ இராமலிங்கருக்கோ ‘மாலிஸ்’ இருந்தது என்று எழுதுபவர் எப்பொருளில் எழுதுகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் கண்டவரை எவரும் சொல்வதில்லை.

வழக்கு நீதிமன்றம் சென்றமையால் சட்டப்பொருளில்தான் எழுதுகிறோம் என்று சிலர் விடை கூறலாம். அவ்விடை நில்லாது. மஞ்சக்குப்பத்தில் அன்று நடப்பிலிருந்தது 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம். அவதூற்றை வரையறுக்கும் அதன் 499ஆம் பிரிவில் ‘மாலிஸ்’ என்னும் சொல்லே இல்லை. ஒருவர் நற்பெயருக்கு ஊறு செய்யும் நோக்கம், ஊறு நேரும் என்ற அறிவு, அவ்வாறு நம்புதற்குரிய காரணம் ஆகியவற்றில் ஒன்றிருந்தால் போதும். விதிவிலக்குகள் பலவற்றில் வரும் ‘நன்னம்பிக்கை’யும் ‘மாலிஸ்’ என்பதன் எதிர்ச்சொல்லாக அமையவில்லை. உரிய கவனமும் கருத்தும் இன்றிச் செய்த எதுவும் நன்னம்பிக்கையிற் செய்ததாகாது என்பது 52ஆம் பிரிவு. அங்கே அளக்கப்படுவது கவனம். நெஞ்சின் ஈரம் அளக்கப்படுவதில்லை.

499ஆம் பிரிவின் ஆறாம் விதிவிலக்கு நம் ஆய்வாளர் அனைவரும் படிக்கத்தக்கது. ஒரு திறனாய்வுப் பாடமாகவே அதை வகுப்பில் வைக்கலாம். நூலைப் பொதுமக்கள்முன் வைத்தவர் அவர்தம் மதிப்பீட்டுக்கு அதை ஒப்படைத்தவராகிறார். அந்நூல் மடமையானது, ஆகவே ஆசிரியரும் வலிவற்றவர் என்று நன்னம்பிக்கையோடு கூறுதல் குற்றமன்று. நூலில் தெரியும் அளவுக்கே ஆசிரியரின் குணம் பேசப்படுகிறது. ஆசிரியர் ஒழுக்கம் கெட்டவர், ஆதலால் நூல் இப்படி இருப்பதில் வியப்பில்லை என்று கூறினால் விலக்குக் கிட்டாது. ஒன்று நூலிலிருந்து ஆளுக்குச் செல்கிறது; மற்றது ஆளிலிருந்து நூலுக்கு வருகிறது. மஞ்சக்குப்பம் வழக்கு பேச்சைப் பற்றியது, நூலைப் பற்றியதன்று. எனினும் பூசலின் கண்டன நூல்களைப் படிக்க இதனினும் பயன்படும் அளவுகோலை யான் அறியேன். ப. சரவணன் தொகுத்த கண்டனத் திரட்டு கைக்கு எட்டும் இந்நாளில், ஒவ்வொரு பத்தியும் எத்திசையிற் செல்கிறது என்று பார்க்கலாம். ‘மாலிஸ்’ என்று ஒரு முத்திரை குத்தியதும் அவ்வேலையே நின்றுவிடுகிறது.

நூற்பெயர்களும் இதற்குத் துணை செய்யும். 1854இல் நாவலர் கிறித்தவப் பரப்புரையாளர்க்கு விடையாக வெளியிட்ட நூல் ‘சைவ தூஷண பரிகாரம்’. தூஷணம் பிறர் சொன்ன பழி. பரிகாரம் அதை நீக்குதல். ‘போலியருட்பா மறுப்பு’ என்பதில் போலி என்றது பாடலை. மறுப்பு என்றது உரிமை கோரலை. 1904இல் நா. கதிரைவேற்பிள்ளை எழுதிய ‘இராமலிங்கபிள்ளை பாடல் ஆபாச தருப்பணம்’ என்னும் பெயரோ வேறு சூட்டில் பிறந்தது. இங்கும் இலக்கு ‘பாடல்’ என்றே இருக்கிறது. ஆனால் ஆளின் பெயர் முன்னே வந்துவிட்டது, அதுவும் அடிகள், சுவாமிகள் என்னும் அடைமொழிகள் நீங்கி.

அந்நீக்கத்தையே பகைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவசரம் வேண்டா. ‘இராமலிங்கசாமி’ என்று தம்மை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அவ்வாறு வழங்காமை வேண்டும் என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதியவர் இராமலிங்கரே. அவர் இட்ட கையொப்பம் ‘சிதம்பரம் இராமலிங்கம்’. அடைமொழி நீக்கம் ஒருவரிடம் அடக்கம், மற்றொருவரிடம் மறுப்பு, இன்னொருவரிடம் இகழ்ச்சி. சொல் ஒன்றாக இருக்க, எண்ணத்தை வேறு சான்றால் நிறுவ வேண்டியிருக்கிறது.

தமிழில் இதற்குரிய கருவிகள் முன்பே உள்ளன. வள்ளுவர் அழுக்காறாமை, புறங்கூறாமை, இகல், உட்பகை என்பவற்றைத் தனித்தனி அதிகாரங்களாக்கினார். அழுக்காறு பிறர் ஆக்கம் பொறாமை. இகல் இருவர் தம்முட் கொள்ளும் மாறுபாடு. அது இருபுறமும் நிற்பது. செற்றத்தை உரைமரபு நெடுங்காலம் நிகழும் பகையாகக் கொள்ளும். ‘கறுவிக்கொண்டிருக்கிறான்’ என்று கடலூர்ப் பக்கத்தில் சொல்லும்போது, நேரம் பார்த்திருக்கும் பகை என்று கேட்பவருக்கு விளங்கும். இவை யாவும் கால அளவிலும் திசையிலும் வேறுபடுகின்றன. நாவலர் நெஞ்சில் இருந்தது அழுக்காறு என்றால் இராமலிங்கர் பெற்ற புகழைச் சான்றாக்க வேண்டும். இகல் என்றால் இருதரப்பு நூல்களையும் எதிரெதிரே வைக்க வேண்டும். செற்றம் என்றால் ஆண்டுக்கணக்கு காட்ட வேண்டும். ‘மாலிஸ்’ எதையும் கேட்பதில்லை. அதன் வசதியும் அதுவே.

இப்பூசலில் கடுஞ்சொல் இல்லை என்று யான் வாதிடவில்லை. இருதரப்பிலும் உண்டு, சில பக்கங்களை வகுப்பில் உரக்கப் படிக்கத் தயங்கியிருக்கிறேன். ஆனால் கடுஞ்சொல் அக்காலக் கண்டன நடையின் பொதுச்சொத்து. சமயப் பூசல்களில் பயின்ற அந்நடையைக் கொண்டு தனிமனிதர் ஒருவரின் உள்ளத்தை அளக்கும்போது, நடைக்குரியதையும் ஆளுக்குரியதையும் முதலில் பிரித்தாக வேண்டும்.

என் பழைய சுருக்கத்தை அண்மையில் திருத்தினேன். மூன்று இடங்களுள் ஒன்றில், திருமுறை என்னும் தகுதியை மறுத்தல் என்று ஆங்கிலத்தில் விரித்தெழுத முடிந்தது. மற்றொன்றில் ‘இகல்’ என்பதையே உரோம எழுத்தில் இட்டு, அடைப்புக்குள் ஒரு வரி விளக்கம் தந்தேன். மூன்றாவது இடத்தில் சான்று ஏதும் என்னிடம் இல்லை, வாக்கியத்தையே நீக்கிவிட்டேன்.