பார்பரா ஜோர்டான்: எல்லைக்கோடுகளின் அரசியல்

பார்பரா ஜோர்டான் என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது அவருடைய குரல். 1974 ஜூலை 25 அன்று, அதிபர் நிக்சனின் பதவி நீக்கத்தைப் பற்றிப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவில் அவர் பேசியதைத் தொலைக்காட்சி வழியாக நாடே கேட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஜனநாயகக் கட்சி மாநாட்டில் சிறப்புரை ஆற்றினார். அந்த இடத்தில் நின்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. இந்த இரண்டு உரைகளும் அவருக்கு அழியாப் புகழ் தந்தன. அதே புகழ் அவருடைய மற்ற வேலைகளை மறைத்தும் விட்டது.

ஜோர்டானின் தேர்தல் வாழ்க்கை 12 ஆண்டுகள்தான். டெக்சஸ் மாநில மேலவையில் 6 ஆண்டு, வாஷிங்டனில் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் 6 ஆண்டு. இரண்டாம் பாதியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். முதல் பாதியைப் படிக்காமல் அவரை மதிப்பிட முடியாது என்பது என் கருத்து. அவருடைய ஆற்றல் உருவானது அந்த மேலவையில். அவர்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் மிகக் கடுமையானது பிறந்ததும் அங்கேதான். ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து வரும் அரசியல்வாதியிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: என்ன பெற்றுத் தந்தார்? அதற்கு யார் விலை கொடுத்தார்கள்? அவர் போன பிறகு என்ன நின்றது?

ஹூஸ்டனின் ஐந்தாம் வட்டாரத்தில் 1936இல் பிறந்தவர் ஜோர்டான். தந்தை பாப்டிஸ்ட் போதகர். டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் விவாத அணியில் பெயர் வாங்கி, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1959இல் சட்டம் முடித்தார். 1960இல் கென்னடி-ஜான்சன் அணிக்காகக் கறுப்பினக் குடியிருப்புகளில் தெருத் தெருவாக வாக்காளர்களைத் திரட்டினார். இவ்வளவு தகுதியும் உழைப்பும் இருந்தும், மாநிலக் கீழவைக்கு 1962இலும் 1964இலும் நின்று தோற்றார்.

காரணம் எளிது. ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்தின் கீழவை உறுப்பினர்களை மாவட்டம் முழுவதும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தது. கறுப்பின மக்கள் ஒருவர் விடாமல் வாக்களித்தாலும் வெள்ளையர் பெரும்பான்மையில் அது கரைந்துபோகும். 1964இல் உச்ச நீதிமன்றம் தொகுதிகள் மக்கள்தொகைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டெக்சஸ் தன் தொகுதிகளைப் புதிதாக வரைந்தது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற விதியும் 1966இல் விழுந்தது. அதே ஆண்டு, கறுப்பின மக்களும் உழைக்கும் மக்களும் நிறைந்த புதிய தொகுதியில் நின்று ஜோர்டான் மேலவைக்குப் போனார். 1883க்குப் பிறகு அந்த அவையில் கால் வைத்த முதல் கறுப்பினத்தவர் அவர். தேர்தல் முடிவை வாக்குச் சாவடிக்கு முன்பே வரைபடத்தின் கோடுகள் தீர்மானித்துவிடும் என்ற பாடத்தை அவர் தோற்றுக் கற்றார். அவர் வாழ்க்கையின் பெருமையும் சர்ச்சையும் இந்த ஒரு பாடத்திலிருந்தே கிளைத்தன.

மேலவையில் மொத்தம் 31 பேர். அவரே ஒரே பெண், ஒரே கறுப்பினத்தவர். முழக்கமிட்டு நாளிதழ்களில் இடம் பிடிப்பது எளிதாக இருந்திருக்கும். அவர் விதிப்புத்தகத்தைப் படித்தார். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த பழமைவாதியான டார்சி ஹார்ட்மேனோடு நட்புக் கொண்டார். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இசைந்தால்தான் ஒரு மசோதா விவாதத்துக்கே வரும் என்பது அந்த அவையின் அன்றைய மரபு. அப்படியென்றால் 11 பேர் சேர்ந்தால் எதையும் தடுத்துவிடலாம். வாக்காளர் பதிவை இறுக்க நினைத்த மசோதா ஒன்றை, தன்னோடு பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு அவர் வாசலிலேயே நிறுத்தினார். நடுவண் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராத ஏழைத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று டெக்சஸ் முதன்முறையாகச் சட்டம் செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பெண்களுக்குச் சம உரிமை தரும் மாநில அரசமைப்புத் திருத்தத்தை, கீழவையில் இருந்த பிரான்சிஸ் ஃபாரன்ட்ஹோல்டும் மேலவையில் இவரும் முன்னெடுத்தார்கள். 1972 நவம்பரில் மக்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள்.

அதே ஆண்டு மேலவை அவரைத் தன் தற்காலிகத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. மரபுப்படி ஜூன் 10 அன்று ஒரு நாள் ஆளுநராகவும் இருந்தார். அவர் நுழைந்தபோது முகம் சுளித்தவர்களும் அந்தத் தேர்வில் கை தூக்கினார்கள். இதை வெறும் அலங்காரம் என்று தள்ளுபவர்கள் உண்டு. ஆளுநர் நாற்காலி அலங்காரம்தான், ஒப்புக்கொள்கிறேன். குறைந்தபட்சக் கூலி அலங்காரம் அல்ல.

இனி, பாராட்டுரைகள் விரைந்து கடந்துபோகும் பக்கத்துக்கு வருவோம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின், 1971இல், டெக்சஸ் மீண்டும் தொகுதிகளை வரைந்தது. காங்கிரஸ் தொகுதிகளை வரையும் குழுவின் துணைத் தலைவராக ஜோர்டானை அமர்த்தினார் துணை ஆளுநர் பென் பார்ன்ஸ். ஹூஸ்டனின் மையப் பகுதியில் 18ஆம் தொகுதி உருவானது. அது ஜோர்டானுக்கென்றே அளவெடுத்த தொகுதி. அதே மறுவரையறைச் சுற்றில், ஓர் அரசு வாரியம் வரைந்த புதிய மேலவை வரைபடத்தில், அவர் விட்டுச் செல்லும் தொகுதி கலைந்தது. கறுப்பின வாக்குகள் சிதறின. அவரோடு 1966இல் கீழவைக்கு வந்த கர்டிஸ் கிரேவ்ஸ், தன் காங்கிரஸ் இடத்துக்காக ஜோர்டான் மக்களின் மேலவை இடத்தை விற்றுவிட்டார் என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்தும் நின்றார். ஏறத்தாழ 80 விழுக்காடு வாக்குகளோடு ஜோர்டான் வென்றார்.

மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களே, பிறகென்ன என்று கேட்கலாம். வாக்கு எண்ணிக்கை ஒரு வேட்பாளரின் செல்வாக்குக்குச் சான்று. குற்றச்சாட்டுக்கு அது பதில் ஆகாது. மேலவைத் தொகுதியைக் கலைத்தது ஜோர்டானின் கை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வாரியத்தில் அவருக்கு இடமில்லை. ஆனால் அந்த வாரியத்தில் இருந்த பார்ன்ஸோடு அவருக்கு நெருக்கம் இருந்தது. அந்த நெருக்கத்தை அவர் தன் காங்கிரஸ் தொகுதிக்காகப் பயன்படுத்தினார். மேலவைத் தொகுதியைக் காக்க அதே அளவுக்குப் போராடியதற்கான தடயம் பொது ஆவணத்தில் வலுவாக இல்லை. அவர் போனபின், 1982 தேர்தலில் கிரெய்க் வாஷிங்டன் வென்று வரும்வரை, டெக்சஸ் மேலவையில் கறுப்பின உறுப்பினரே இல்லை. பத்தாண்டு வெற்றிடம். இந்த விலையைக் கொடுத்தது ஜோர்டான் அல்ல. அவருக்கு வாக்களித்த மக்கள்.

காங்கிரஸில் அவருக்கு நீதித்துறைக் குழுவில் இடம் கிடைக்க உதவியது முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சனின் சொல். இதுவும் உள்வட்ட வழிதான். அந்த இடத்திலிருந்தே 1974 உரை பிறந்தது. அரசமைப்பு எழுதப்பட்டபோது தன்னைப் போன்றோர் அதில் இல்லை என்று தொடங்கி, ஆனாலும் அதன்மீது தனக்குள்ள நம்பிக்கை முழுமையானது என்று அறிவித்துவிட்டு, அதை உருவாக்கிய மாடிசன் முதலானோர் பதவி நீக்கத்துக்கு வகுத்த அளவுகோல்களை ஒரு பக்கமும் நிக்சனின் செயல்களை மறுபக்கமும் வைத்து அடுக்கினார். கோபம் குரலில் இல்லை, வாதத்தின் கட்டமைப்பில் இருந்தது. ஆனால் அந்த உரைதான் நிக்சனை வீழ்த்தியது என்பது மிகை. முதல் தீர்மானம் குழுவில் 27-11 என்று நிறைவேறியது. தயங்கி நின்ற குடியரசுக் கட்சியினரை நகர்த்தியதில் ஆதாரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நடப்பது கட்சிச் சண்டை அல்ல, சட்டத்தின் கடமை என்று பொதுமக்களுக்குப் புரியவைத்தது அந்த உரை. அந்த அளவில் அது மகத்தானது.

என் பார்வையில் ஜோர்டானின் மிகப் பெரிய சாதனை அடுத்த ஆண்டில் வந்தது. பேச்சாகப் பதிவாகாததால் அது பரவலாக அறியப்படவில்லை. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் கடுமையான பிரிவுகள் டெக்சஸைத் தொடவில்லை. 1975இல் சட்டம் நீட்டிப்புக்கு வந்தபோது, மொழிச் சிறுபான்மையினரையும் அதில் சேர்த்து டெக்சஸையும் உள்ளே கொண்டுவரப் பாடுபட்டார். சொந்த மாநில ஆளுநர் டால்ஃப் பிரிஸ்கோ எதிர்த்தார். சட்டத்தை விரிவாக்கப் போய் இருப்பதும் போய்விடுமோ என்று கறுப்பின உரிமை இயக்கத் தலைவர்கள் சிலரே அஞ்சினார்கள். ஜோர்டான் பின்வாங்கவில்லை. ஆகஸ்ட் 6 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். ஸ்பானிய மொழி பேசும் டெக்சஸ் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே வாக்குச்சீட்டு கிடைத்தது. அதோடு, தேர்தல் விதி எதையும், தொகுதி எல்லை எதையும் நடுவண் அரசின் முன்னனுமதி இல்லாமல் டெக்சஸ் மாற்ற முடியாது என்றானது.

1971 சர்ச்சைக்கு அருகில் இதை வைத்துப் பாருங்கள். ஓர் அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு சமூகத்தின் வாக்குகளைச் சிதறடித்துவிடலாம் என்ற நிலையைத்தான் இந்தச் சட்டம் தடுத்தது. கிரெய்க் வாஷிங்டன் வென்ற 1982 தேர்தல், டெக்சஸில் அந்த முன்னனுமதி விதியின்கீழ் நடந்த முதல் பெரிய மறுவரையறையை அடுத்து வந்தது. தன் காலத்தில் தொலைந்ததை மீட்க உதவும் கருவியை ஜோர்டானே செய்து தந்தார் என்று சொல்வது மிகையாகாது.

குறைகள் இத்தோடு முடியவில்லை. 1975இல் லஞ்ச வழக்கில் சிக்கிய முன்னாள் ஆளுநர் ஜான் கொனலிக்கு நற்சான்று சொல்ல நீதிமன்றம் போனார். கொனலி ஆளுநராக இருந்தபோது குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்தவர். வழக்கில் அவர் விடுதலையானது வேறு விஷயம். தன் மக்களின் உரிமைக்குக் குறுக்கே நின்றவருக்குத் தன் நற்பெயரை ஜோர்டான் கடன் கொடுத்தது வீண். அதில் எந்தச் சட்டமும் பிறக்கவில்லை, எந்த ஏழைக்கும் எதுவும் கிடைக்கவில்லை. மேலவைக் காலச் சமரசங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. இதற்கு இல்லை.

1978 தேர்தலில் நிற்காமல் ஒதுங்கி, ஆஸ்டினில் ஆசிரியர் ஆனார். நரம்பைத் தாக்கும் நோய் சில ஆண்டுகளாகவே அவரை வாட்டிக்கொண்டிருந்தது. வாழ்வின் கடைசியில் குடியேற்றச் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, சட்டபூர்வக் குடியேற்றத்தைக் குறைக்கப் பரிந்துரைத்தார். இன்று குடியேறிகளை வெறுப்பவர்களும் அவர் பெயரைத் துணைக்கு இழுக்கிறார்கள். அது நேர்மையல்ல. பிறப்புவழிக் குடியுரிமையை வெட்டும் முயற்சியை 1995 டிசம்பரில் அவர் காங்கிரஸ் முன் வந்து கடுமையாக எதிர்த்தார். அடுத்த மாதம், 1996 ஜனவரி 17 அன்று, காலமானார்.

மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லலாம். அவர் பெற்றுத் தந்தவை கூலி, உரிமை, வாக்கு. விலை கொடுத்தவர்களில் அவருடைய ஹூஸ்டன் மக்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நின்றது எது என்றால், 18ஆம் தொகுதியும் வாக்குரிமைச் சட்டமும். அந்தத் தொகுதி மிக்கி லேலண்ட், கிரெய்க் வாஷிங்டன், ஷீலா ஜாக்சன் லீ என்று அடுத்தடுத்துக் கறுப்பினப் பிரதிநிதிகளை அனுப்பியது. வாக்குரிமைச் சட்டத்தின் முன்னனுமதி ஏற்பாடு 38 ஆண்டுகள் டெக்சஸைக் கட்டிவைத்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைச் செயலிழக்கச் செய்த அன்றே, முன்பு தடுக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாளச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக டெக்சஸ் அரசு அறிவித்தது. அவர் போட்ட பூட்டு எவ்வளவு தேவையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜோர்டான் குறையற்றவர் அல்லர். 1971இன் கடன் அவர் கணக்கில் நிற்கிறது. ஆனால் அந்தக் கடனை வட்டியோடு தீர்த்தது 1975. நாவன்மையால் மட்டும் அவரைப் போற்றுகிறவர்கள் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா கண்ட சட்டமன்ற வல்லுநர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் அவர்.