முதல் போரில் ஜெயிக்கிற வில்லன்

வீடியோ கேம் வில்லன் தேறுவானா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: அவன் முதலில் நம்மைத் தோற்கடித்தானா? சினிமாவில் வில்லன் கதாநாயகனை உதைக்கும்போது நாம் நாற்காலியில் சாய்ந்திருக்கிறோம். கேமில் உதை நமக்கே விழுகிறது. பட்டனை அழுத்த அரை நொடி பிந்தியது நம் விரல். அந்தக் கணக்கைத் தீர்க்காமல் கன்ட்ரோலரைக் கீழே வைக்க மனசு வராது.

முதலில் வில்லனை ஜெயிக்கவிடும் இந்த வித்தை, சென்னையை ஒட்டிய புழலுக்குப் பழசு. இன்று புழல் என்றதும் ஏரியும் 2006-இல் திறந்த மத்தியச் சிறையும் ஞாபகத்துக்கு வருகின்றன. தொண்டை மண்டலப் பழங்கதையிலோ புழல் என்பது குறும்பர்களின் கோட்டை. ஆடு மேய்த்த குடி. கோட்டை கட்டி ஆண்டவர்கள். அவர்களை அடக்கப் படையோடு வந்த மன்னன் தொண்டைமான், முதல் போரில் தோற்றுப் பின்வாங்கினான். குறும்பர் பக்கம் பைரவரே துணை நின்றதாகக் கதை. திரும்பிப் போகிற வழியில் அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான். உள்ளேயிருந்த லிங்கத்தின் மேல் வெட்டுப்பட்டு ரத்தம் வருகிறது. முல்லைக்கொடி யானையைக் கட்டிய சேதி சுந்தரர் தேவாரத்திலேயே உண்டு. மனம் உடைந்து நின்றவனுக்குச் சிவன் தன் நந்தியையே துணைக்கு அனுப்புகிறார். அதற்குப் பிறகுதான் புழல் விழுகிறது.

அந்த லிங்கம் இருக்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனால் அந்தப் போரின் தடயமாக இரண்டைக் காட்டுவார்கள். கருவறை முன்னால் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள், குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை என்பார்கள். நந்தி, மற்றக் கோயில்களைப்போல் சுவாமியைப் பார்க்காமல், படைக்குப் புறப்பட்ட கோலத்தில் வெளியே பார்த்திருக்கிறது. ஒரு வில்லனின் கனம் எவ்வளவு என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? அவனைச் சாய்க்க சாமியின் வாகனமே திசை திரும்ப வேண்டியிருந்திருக்கிறது.

கேம்களில் இதற்குச் சமமாக நான் வைப்பது 2019-இல் ஹிடேடகா மியாசாகியின் இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கிய செகிரோவின் கெனிச்சிரோ அஷினாவை. கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, நிலா வெளிச்சத்தில் வெள்ளிநிறப் புல் அசையும் வெளியில் வந்து நிற்கிறான். நமக்கோ இன்னும் வாள் பிடிக்கவே சரியாக வரவில்லை. நம் இடது கையை வெட்டிவிட்டு, நாம் காக்க வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறான். அபூர்வமாக ஒருவர் அங்கேயே அவனை அடித்து வீழ்த்தினாலும் கதை விடுவதில்லை. மறைந்திருந்த அவன் ஆள் ஒருவன் எறியும் ஆயுதம் நம் கவனத்தைத் திருப்ப, கை போய்விடுகிறது.

மறுபடி அவனைச் சந்திப்பது கோட்டை உச்சியில். அந்தச் சண்டையை எத்தனை முறை ஆடினாலும் எனக்கு அலுக்காது. வாளும் வாளும் மோதும் அந்த 'கிளிங்' சத்தம்தான் தாளம். அதில் விரல் விழாவிட்டால் தப்பிக்க வழியில்லை. எகிறி வந்து குத்துவானா, தரையோடு வீசுவானா என்று தோளசைவைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். இரண்டு முறை சாய்த்த பிறகு கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்னலைக் கையில் ஏந்துகிறான். அவன் வீசும் மின்னலை எம்பிக் குதித்து வாங்கி, கால் தரையைத் தொடும் முன்னே அவன் மேலேயே திருப்பி அடிக்கலாம். அதுவரை கற்றது அத்தனைக்கும் அவனே வாத்தியார், அவனே பரீட்சை.

அவனிடம் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் அவனை வெறுக்க முடிவதில்லை. அவன் நாட்டைப் பெரும்படை நெருங்குகிறது; ஊரைத் தாங்கிய தாத்தா படுக்கையில் கிடக்கிறார். அந்தப் பிள்ளையின் ரத்தத்திலுள்ள சாகாவரம் கிடைத்தால் மண்ணைக் காப்பாற்றலாம் என்று நம்புகிறான். தன் கோட்டையை விட்டுக்கொடுக்காத எந்தப் புழல் குறும்பனும் இப்படித்தானே யோசித்திருப்பான்?

வசனம் மட்டும் பேசும் வில்லன்கள் என்னிடம் நிற்பதில்லை. 2012-இல் வந்த ஃபார் கிரை 3-இன் வாஸ் பேச்சாலேயே பெயர் வாங்கியவன்தான். மைக்கேல் மாண்டோ நடிப்பு அப்படி. ஆனால் அவனைப் பாதி வழியில் கொன்றுவிட்டு, அவனுக்கு மேலே இருந்த ஹாய்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹாய்ட்டோடு நமக்கு என்ன பாக்கி? ஒன்றுமில்லை. ஆட்டம் அங்கேயே தொய்ந்துபோனது.

சென்னையில் கேம் செய்கிற பிள்ளைகள் யாராவது புழல் போரை எடுத்தால் நான் கேட்பது இவ்வளவே. ஆடுகிறவன் தொண்டைமானாக வந்து முதல் போரில் தோற்கட்டும். தப்பி ஓடும்போது கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் குறும்பர் பெண்கள் பட்டியில் ஆடுகளை அடைப்பது கண்ணில் படட்டும். நந்தியோடு திரும்பி வரும்போது வாசலில் நிற்கிற தலைவன், தன் பின்னால் இருக்கிற எதற்காக நிற்கிறான் என்பது ஆடுகிறவனுக்கு முன்பே தெரிந்திருக்கும்.