கவருக்குள் ஒரு வீட்டுக்கடன்

விசாரணைக் கமிஷன் அறிக்கைகளை யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. ஆஸ்திரேலிய வங்கிகளின் லட்சணத்தை விசாரித்து, கென்னத் ஹேன் 2019 பிப்ரவரியில் கொடுத்த ரிப்போர்ட் விதிவிலக்கு. அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். வளவளா கிடையாது. கோளாறுக்கெல்லாம் மூலகாரணம் பேராசை. எதற்காகச் சம்பளமும் போனஸும் கொடுத்தீர்களோ அதுதானே நடக்கும் என்கிறார்.

விசாரணையில் வெளிவந்த ஒரு சமாசாரம் சினிமாவுக்கே லாயக்கு. நேஷனல் ஆஸ்திரேலியா பாங்க், வீட்டுக்கடனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. ஜிம் நடத்துகிறவர், தையல்காரர் எல்லாம் ஆள் அனுப்பினார்கள். மேற்கு சிட்னியில் சில கிளைகளில் சம்பளச் சீட்டே போலி. லஞ்சம் கவரில் கை மாறியது. கடன் கணக்கு ஏற ஏற ஊழியருக்கு போனஸ். வாங்குகிறவரால் கட்ட முடியுமா என்று விசாரித்த பிறகே கடன் கொடுக்கவேண்டும் என்பது அங்கே 2009-லேயே வந்த சட்டம். விசாரித்துக்கொண்டிருந்தால் டார்கெட் எப்படி சார் முடியும்?

எனக்கு நெருடுவது வேறு. வெளியே இருக்கும் லோன் புரோக்கர்களிடம் ஹேன் ரொம்பக் கறார். பாங்க்கிடம் கமிஷன் வாங்காதே, கடன் வாங்குகிறவரே உனக்குக் கூலி தரட்டும் என்கிறார். பாங்க்குக்கு உள்ளே நுழைந்ததும் அந்தக் கறார் காணாமல் போய்விடுகிறது. கவுன்ட்டர் ஊழியர்களின் ஊக்கத்தொகை முறையை வருஷத்துக்கு ஒரு தடவை பாங்க்குகளே பரிசீலித்துக்கொள்ள வேண்டுமாம். பாலுக்குப் பூனை காவல்! விற்பனையோடு நேரடியாக முடிச்சுப்போட்ட ஊக்கத்தொகை வேண்டாமென்று 2017-ல் ஸ்டீஃபன் ஸெட்ஜ்விக் சொன்னதை முழுசாக நிறைவேற்றச் சொல்வது நியாயம்தான். ஆனால் அதுவும் பாங்க்குகளின் சங்கமே ஏற்பாடு செய்த ஆய்வு. மாசக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் மேனேஜரிடம் டோஸ் வாங்கப்போகிற ஊழியருக்கு, 'இவருக்குக் கடன் வேண்டாம்' என்று சொல்ல எந்தச் சட்டப் பாதுகாப்பும் ரிப்போர்ட்டில் இல்லை.

76 சிபாரிசுகளில் முதலாவதே, அந்தக் கடன் சட்டத்தின் மேல் கை வைக்காதீர்கள் என்பதுதான். 2020 செப்டம்பரில், கோவிட் மந்தத்தைக் காரணம் காட்டி அதைத் தளர்த்தப்போவதாக அறிவித்தவர் நிதியமைச்சர் ஜோஷ் ஃப்ரைடன்பெர்க். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்ட அன்று, போட்டோகிராபர்கள் கேட்டும் ஹேன் கை குலுக்க மறுத்தாரே, அதே அமைச்சர். மசோதா நிறைவேறாமலேயே 2022-ல் காலாவதியானது.