கிறித்தவ வேதத்தில் தண்டமும் அச்சமும்

குற்றஞ் செய்தான் ஒருவனை ஒறுத்தல் எற்றுக்கு? அவன் செய்த தீமைக்கு ஈடாகவோ, அன்றி அதனைக் கேட்டுப் பிறர் அஞ்சி ஒழுகுதற்பொருட்டோ? இவ்வினா அரசியல் நூலார்க்கே உரியதன்று. இறைவனை நீதிபதியாகக் கொள்ளும் சமயம் எதுவாயினும் இதற்கு விடை கூறும் கடப்பாடுடையது. கிறித்தவ வேதம் தரும் விடை யாதென்பதை அந்நூலின் சொற்கிடக்கை கொண்டே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

அவ்வேதத்துத் தண்டநீதி அச்சுறுத்தலையே கருதியது என்பது ஒருசாரார் கூற்று. அதற்கு அவர் காட்டும் சான்று உபாகமம். தண்டம் நிறைவேறியது கேட்டு மக்கள் அஞ்சுவர் என்னுங் கருத்து அந்நூலில் நான்கிடங்களில் வருகின்றது (13:11, 17:13, 19:20, 21:21). பிற தெய்வ வழிபாட்டிற்கு மறைவில் தூண்டுவோன், நீதித்தலத்தின் தீர்ப்பைச் செருக்கினால் மீறுவோன், பொய்ச்சான்று பகர்வோன், பெற்றோர்க்கு அடங்கா மகன் என்னும் இந்நால்வர் திறத்தும் அக்கருத்து நிற்றலின், அஃது தற்செயலாய் வந்ததன்று. இத்துணையும் உண்மையே. ஆயின் அச்சம் தண்டத்தின் பயனாகக் கூறப்பட்டதோ, அதனை நீதியாக்கும் ஏதுவாகக் கூறப்பட்டதோ என்பதே ஆராயற்பாலது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டமையே மேற்கூற்றின் குறை.

பத்தொன்பதாம் அதிகாரத்தை நோக்குக. சான்று பகர்ந்தோன் பொய்யனோ என ஐயம் நிகழ்ந்தவழி, நீதிபதிகள் நன்கு விசாரித்தல் வேண்டுமென முதற்கண் விதிக்கப்படுகின்றது. பொய் தெளிந்தபின், அவன் பிறனுக்கு யாது செய்ய எண்ணினானோ அதுவே அவனுக்குச் செய்யப்படும். அதன் பின்னரே ஏனையோர் அஞ்சுவர் என்பது வருகின்றது. அதனை அடுத்து, கண்ணுக்குக் கண் என வழங்கும் அளவை விதி நிற்கின்றது. அச்சம் ஒன்றே நோக்கமாயின் அளவு எற்றுக்கு? சிறு பிழைக்குப் பெருந்தண்டம் இடின் அச்சம் மிகுமன்றே? அங்ஙனமாகவும் அளவு கூறினமையின், அச்சத்தினும் மேம்பட்ட ஒன்று ஆண்டு ஆட்சி செய்கின்றது என்க.

இஃது ஓரிடத்து நிகழ்ச்சி மாத்திரையன்று. இருவரேனும் மூவரேனும் சான்று கூறினாலன்றி ஒருவனைக் கொல்லலாகாது என்றும், சான்றினர் கையே முற்பட்டுக் கல்லெறிதல் வேண்டுமென்றும் பதினேழாம் அதிகாரம் விதிக்கின்றது. மக்கள்பொருட்டுத் தந்தையரும் தந்தையர்பொருட்டு மக்களும் கொல்லப்படலாகாதென்பது 24:16. அரசன் அமத்சியா தன் தந்தையைக் கொன்றாரை ஒறுத்தபொழுது, இவ்விதி கருதி அவர்தம் மக்களை உயிரோடு விடுத்தான் என இராசாக்களின் இரண்டாம் நூல் (14:6) கூறும். கசையடி நாற்பதைக் கடத்தலாகாது. கடப்பின் அடிபட்டோனாகிய சகோதரன் இழிவுறுவான் என்பது 25:3. குற்றவாளியும் சகோதரனே என்னும் இக்கருத்து நினைவிற் கொள்ளத்தக்கது. பிற்காலத்தார் எண்ணிக்கை தவறுமோ என அஞ்சி ஒன்று குறைத்து முப்பத்தொன்பதாகவே அடித்தனர். அவ்வடியைத் தாம் ஐந்துமுறை பெற்றதாகப் பவுலும் எழுதியுள்ளார் (2 கொரிந்தியர் 11:24). பிறரை அஞ்சுவித்தற்குக் குற்றவாளியின் உடல் வெறுங் கருவியாகலாகாது என்பதே இவ்வரம்புகளின் உட்கிடை.

அற்றேல், யோசுவா ஏழாம் அதிகாரத்தில் ஆகான் கவர்ந்த பொருளின்பொருட்டு அவன் புதல்வரும் புதல்வியரும் உடன் கொண்டுசெல்லப்பட்டுக் கல்லெறியுண்டதாகக் காணப்படுகின்றதே எனின், அத்தடை வலியுடையதே. அதனை 24:16-ஓடு இயைத்தற்கு உரையாசிரியர் பலவாறு முயன்றனர். அம்முயற்சிகள் முற்றும் நிரம்பினவாகத் தோன்றவில்லை. ஆயினும் அவ்வேதத்துள்ளேயே எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம், பாவஞ் செய்த உயிரே அதன் பயனை நுகரும், மகன் தந்தையின் தீமையைச் சுமவான் என முறையிட்டு நிலைநாட்டுகின்றது. ஆகலின் முரண் எழுந்தவழி அந்நூல் எப்பக்கம் சாய்கின்றதென்பது விளங்கும்.

அடங்கா மகனைப் பற்றிய விதியோ இன்னும் கடிது. அத்தகையான் ஒருவன் இருந்ததுமில்லை, இருக்கப் போவதுமில்லை என யூத ஆசிரியர் சிலர் உரைத்த செய்தி தல்மூதில் உளது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிசுனாவிலும் இதற்கியைந்ததொரு வாதம் காணப்படும். ஏழாண்டிற்கொருமுறை கொலைத்தண்டம் விதிக்கும் மன்றமும் அழிவுசெய் மன்றமே என்றார் சிலர். எழுபதாண்டிற்கொருமுறை விதிப்பதும் அத்தகையதே என்றார் ஒருவர். தாம் அம்மன்றத்திருப்பின் ஒருவனும் ஒருகாலும் கொல்லப்படான் என்றனர் தர்போனும் அக்கிபாவும். அங்ஙனமாயின் கொலைஞர் பெருகுவர் என மறுத்தார் கமாலியேலின் மைந்தர் சிமியோன். அச்சத்தின் பயனை இவ்வாசிரியர் அறியாதாரல்லர். அதன் எல்லையையே ஆராய்ந்தனர்.

இனிப் புதிய ஏற்பாட்டை நோக்குவாம். ரோமர் பதின்மூன்றாம் அதிகாரம் ஆள்வோனை வாளேந்தியவனாகக் காட்டும். எனினும் அவ்வாள் தீமை செய்வார்க்கே அச்சந் தருவதென வரையறுக்கும். அன்றியும், தண்டத்திற்கு அஞ்சி மட்டுமன்றி மனச்சான்றின்பொருட்டும் அடங்குதல் வேண்டுமென உடன் கூறும். ஆகவே அச்சத்தான் விளையும் ஒழுக்கம் குறையுடையதென்பது அவ்வாசிரியர்க்கும் உடன்பாடு. காய்பாவின் உரையோ இதற்கு நேர்மறுதலை. யோவான் பதினொன்றாம் அதிகாரத்தில் அத்தலைமைக் குரு, நாடு முழுதுங் கெடுவதினும் ஒருவன் இறத்தல் நலமென வாதிக்கின்றான். அவன் குற்றமுடையனோ என்னும் ஆராய்ச்சி அவ்வுரையில் இல்லை. பொதுநலம் ஒன்றே அதற்கு ஏது. சுவிசேடகர் அச்சொல்லில் அவன் அறியாததொரு பொருள் கண்டனரேனும், அவன் கருதிய நியாயத்தை நீதியென்று கூறிற்றிலர். தண்டத்தைப் பயனால் மட்டும் அளப்பார் சென்றுசேரும் இடம் இதுவே.

ஈண்டே ஒல்லாந்து நாட்டுச் சட்ட அறிஞர் குரோசியசின் கொள்கை ஆராயப்படும். மனிதன் இறைவனது மாட்சிக்குப் பட்ட கடனைக் கிறித்து தீர்த்தார் என்பது பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் கொண்ட கருத்து. குரோசியசோ 1617-இல் சொசீனசின் கொள்கையை மறுத்தெழுதிய நூலில், இறைவன் கடன்கொடுத்தோனாக அன்றி ஆள்வோனாகவே நிற்கின்றான் என்றும், சட்டத்தின் மதிப்புக் கெடாதவாறு பாவத்தின் கொடுமையைக் காட்டும் தண்ட உதாரணமே சிலுவை மரணம் என்றும் நிறுவினார். குற்றமில்லான் தண்டமேற்றல் நீதியோ எனின், அவர் தாமே உடன்பட்டு ஏற்றார் என்பது அவர் விடை.

இவ்விடை அமையாது. என்னை? உடன்பாடு, துன்புற்றார்க்கு அநீதி செய்யப்பட்டது என்னும் பழியை நீக்கலாம். அவரைக் குற்றம் செய்தவராக்காது. உதாரணத்திற்கு வேண்டுவதோ செய்தவனே. செய்தவன் ஒறுக்கப்பட்டான் என்று கேட்டதனால் உபாகமத்து மக்கள் அஞ்சினர். செய்யாதவர் ஒறுக்கப்பட்டார் என்று கேட்பான் யாதுக்கு அஞ்சுவான்? குற்றத்திற்கும் தண்டத்திற்கும் உள்ள தொடர்பு அறுந்தவழி அச்சமும் தன் பொருளை இழக்கும். சிலுவையை அன்பின் வெளிப்பாடாகக் கொள்ளும் கிறித்தவர்க்கு இத்தடை எய்தாது. அவர்தம் கொள்கை வேறு நிலைக்களன் உடையது. அச்சுறுத்தலின் மேல் அதனை நிறுத்துவார்க்கே இஃது எய்தும்.

ஆகவே, தண்டம் அச்சம் விளைக்கும் என்பதைக் கிறித்தவ வேதம் உடன்படும். அச்சம் விளைத்தலானே தண்டம் நீதியாம் என்பதை உடன்படாது. தீர விசாரித்தல், சான்று, அளவு, செய்தவனையே ஒறுத்தல் என்னும் நான்கும் முன்னர் அமைதல் வேண்டும். அமைந்தபின் எய்துவது அச்சம். இம்முறை மாறிய இடம் காய்பாவின் மன்றம். இதன்கண் உள்ள நிறைகுறைகளை அறிஞர் மூலநூலோடு ஒத்துநோக்கித் தெளிவாராக.