பீயுருட்டியும் கொம்பும்: ஒரு வகைப்பாட்டு வாசிப்பு

கில்பர்ட் ஆரோ 1931இல் எழுதிய சாணவண்டுத் தொகுதியை ('பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' வரிசை, லண்டன்) ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெயரிடும் அதிகாரம் பற்றி இவ்வளவு பேசுகிறோம். பெயர் வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நூலைத் தொடாமல் இருப்பது என்ன நியாயம்?

அதில் இடத்தை அடைத்துக்கொள்வது ஒந்தோபாகஸ் பேரினம். 1802இல் லத்ரேய் வைத்த பெயர். கிரேக்கத்தில் சாணந்தின்னி என்று பொருள். இன்று அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பேரினத்துக்குத் தீனியால் பெயர். இனங்களுக்கு வந்தால் தாரஸ் காளை, கஸெல்லா மான், பொனாஸஸ் காட்டெருது. (பின்னிரண்டையும் இப்போது டிஜிட்டோந்தோபாகஸ் என்று தனிப்பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். கொம்புப் பெயர் மட்டும் கூடவே போயிற்று.) கொம்புள்ள ஆண்தான் இனத்தின் முகம். பெண் வண்டைக் கையில் வைத்துக்கொண்டு இத்தகைய நூல்களின் அட்டவணைக்குள் இறங்கினால் பாதி வழியில் முழிக்க வேண்டியதுதான்.

இந்தக் கொம்பு எங்கிருந்து வருகிறது? தாய் வண்டு சாணத்தை மண்ணுக்கடியில் திணித்து உருண்டையாக்கி அதில் ஒரு முட்டை வைக்கிறது. பனாமாவின் ஒந்தோபாகஸ் அகுமினாட்டஸ் இனத்தை ஆராய்ந்த டக்ளஸ் எம்லன் 1994இல் காட்டியது இதுதான்: புழுவுக்குக் கிடைத்த தீனி அதிகமானால் கொம்புள்ள பெரிய ஆண், குறைந்தால் கொம்பு பேருக்குத்தான். பெரியது வளைவாசலில் காவல் நிற்கும். சின்னது பக்கத்தில் குடைந்து உள்ளே போய்விடும். இரண்டுக்கும் வாரிசு உண்டு. ஆனால் பெயர் ஒருவனைப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது. வயிறு நிறைந்தவனின் உடம்பே இனத்தின் இலக்கணமாகிறது. ஃபூக்கோவை இழுக்காமலே இது விளங்கும்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழுது? ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையில் மாடு மேய்க்கும் ஒரு அம்மாவிடம் இதைப் பீயுருட்டி என்றேன். "உருட்டுறது வேற, தோண்டுறது வேற தம்பி. இது தோண்டுறது" என்றார். விஞ்ஞானிகளும் உருட்டுவது, குடைவது, சாணத்திலேயே குடியிருப்பது என்று தொழிலை வைத்து மூன்றாகத்தான் பிரிக்கிறார்கள். ஒந்தோபாகஸ் குடைகிற கட்சி. நம் படித்தவர்களோ இடக்கரடக்கலாகச் 'சாணவண்டு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அதற்காக நாட்டார் பெயரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனசில்லை. தொழிலால் பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிவைப்பதில் கைதேர்ந்த சமூகம் இது. மலம் அள்ள வைப்பதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொன்று. லண்டன் உடம்பைப் பார்த்தது, நாம் வேலையைப் பார்க்கிறோம்; பார்க்கப்படுகிறவர் வாய் திறந்ததாக இரண்டிலும் பதிவில்லை.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967 முதல் ராபினாட் தாவரத் தொகுப்பகம் இருக்கிறது. இந்த ஜில்லாச் செடி ஒன்றை அங்கே வைத்து ஒப்பிடலாம். தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி ஃபாப்ரீசியஸ் கைக்குப் போன பூச்சிகளைப் பார்க்கவோ கோபன்ஹேகன் போக வேண்டும். அதுவரை காத்திராமல், பெண் வண்டிலிருந்தும் அது தோண்டும் வளையிலிருந்தும் தொடங்குகிற ஒரு இனங்காணும் அட்டவணையைக் காவிரிக்கரை மாணவர் யாராவது தமிழில் எழுதினால், முதலில் அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.