செயலிகள் பெருகினால் வேகமும் பெருகுமா?

நான்கு செயலிகள் உள்ள கணிப்பொறி நான்கு மடங்கு வேகமாக வேலை செய்யும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. மாணவர்களும் தேர்வில் அப்படியே எழுதுகிறார்கள். இக்கூற்றைச் சற்று உரசிப் பார்ப்போம்.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து சுத்தம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். குவியலை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஏறக்குறைய கால்பங்கு நேரத்தில் வேலை முடியும். ஒரு வெங்காயத்துக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை.

அரியலூரில் ஒரு பழைய நிலப் பத்திரத்தை எடுத்து, பக்கங்களை நான்கு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். மூன்றாமவர் கையில் உள்ள பக்கம் "மேற்படி நிலத்தின்" என்று தொடங்கும். எந்த நிலம்? முன்பக்கத்தைப் படிக்காமல் அவரால் சொல்ல முடியாது.

1998இல் வெளியான எக்ஸ்.எம்.எல். என்ற குறியீட்டு முறையில் எழுதும் ஆவணங்கள் இந்தப் பத்திரத்தைப் போன்றவை. ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கக் குறி, முடிவுக் குறி உண்டு; ஒன்றினுள் ஒன்று அடங்கும். நடுவில் வெட்டினால், கண்ணில் படுவது உண்மையான குறியா, குறிப்புரைக்குள் சும்மா எழுதப்பட்டதா என்றுகூடத் தெரியாது.

2006இல் வெய் லூ, கென்னத் சியு, யின்ஃபெய் பான் ஆகியோர் ஒரு வழி கூறினர். முதலில் ஒரே செயலி ஆவணத்தை மேலோட்டமாக ஓடிப் பார்த்து, அதன் எலும்புக்கூட்டை மட்டும் வரைந்துகொள்ளும். பிறகு பல செயலிகள் பங்கு போட்டு முழுமையாகப் படிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த முதல் ஓட்டம் தனியாள் வேலை. 2008இல் அதையும் பங்கிட ஒரு முறை வந்தது: துண்டு எந்த நிலையில் தொடங்கியிருக்கலாம் என்ற எல்லா வாய்ப்புகளையும் சேர்த்தே சுமந்து படிப்பது. அதற்குக் கூடுதல் உழைப்பு என்ற விலை உண்டு.

தனியாள் வேலையின் பாதிப்பை ஜீன் ஆம்தால் 1967இலேயே சுட்டிக்காட்டினார். இயற்பியல் மாணவர்களே, உங்களுக்கு இது எளிது. 20 ஓம் மின்தடையோடு 80 ஓம் தொடர் இணைப்பில் இருந்தால் மொத்தம் 100. அந்த 80க்குப் பக்க இணைப்பாக மேலும் மூன்று 80 ஓம் சேர்த்தால் மொத்தம் 40. அதாவது இரண்டரை மடங்கு லாபம்; நான்கு மடங்கு அல்ல. ஆயிரம் சேர்த்தாலும் 20க்குக் கீழே இறங்காது.

என் கருத்தில், படிப்பவரின் சாமர்த்தியத்தைவிட எழுதி வைத்தவரின் ஒழுங்குதான் அதிகப் பயன் தருகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் மொத்தத் தொகுப்பும் எக்ஸ்.எம்.எல். கோப்பாகவே கிடைக்கிறது. அதன் ஒரு வடிவத்தில் நூறு நூறு பக்கங்களைத் தனித்தனிப் பொட்டலமாகச் சுருக்கி, எந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையையும் தருகிறார்கள். அரியலூரைக் குறிப்பிடும் கட்டுரைகளை எல்லாம் திரட்ட நினைக்கும் மாணவர், நம் கல்லூரிகளின் சாதாரணக் கணிப்பொறியிலேயே பொட்டலங்களைச் செயலிகளுக்குப் பங்கிடலாம். ஏறக்குறைய வெங்காயக் கணக்குதான். புதிய இயந்திரத்துக்குப் பணம் கேட்கும் முன் இதை முயல வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல கட்டுரைகள் "வார்ப்புரு" என்ற பொதுப் பக்கங்களிலிருந்து தகவலை வாங்கிக்கொள்கின்றன. கட்டுரையின் முழு வடிவம் வேண்டுமென்றால் அந்த வார்ப்புருக்களை முதலில் தேடி எடுத்து நினைவகத்தில் வைத்தாக வேண்டும். அவை வேறு பொட்டலங்களில் இருக்கும்.