பொதுப்பணமும் தனியாள் என்னும் சொல்லும்

பொதுப்பணத்தைப் பெறுவோரின் பெயர்களைப் பொதுமக்கள் அறியலாமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு நிருவாகச் சிக்கலாகவே தோன்றும். அதன் அடியிலோ நிலவுடைமை பற்றிய பழைய வழக்கே கிடக்கின்றது. ஐரோப்பாவின் கமத்தொழில் மானியங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1962இல் உருவான ஐரோப்பியப் பொதுக் கமத்தொழிற் கொள்கை, உணவுற்பத்தியைப் பெருக்கவும் கமக்காரரின் வாழ்வைக் காக்கவும் எழுந்தது. அந்நோக்கம் குறைகூறத் தக்கதன்று. எனினும் இன்று நேரடிக் கொடுப்பனவுகளின் பெரும்பகுதி நிலப்பரப்பின் அளவுக்கேற்பவே வழங்கப்படுகின்றது. ஆகவே நிலம் மிகுந்தவனிடமே பணமும் சென்று சேர்கின்றது. பெறுவோருள் ஏறத்தாழ 20 சதவீதத்தினர் கொடுப்பனவின் 80 சதவீதத்தைப் பெறுகின்றனர் என்பதை ஐரோப்பிய ஆணைக்குழுவே ஒப்பியுள்ளது. அந்நிலத்திற் கூலிக்கு உழைப்பவனுக்கு இக்கணக்கில் இடமேயில்லை.

2005இல் பிரித்தானியாவில் தகவற் சுதந்திரச் சட்டத்தின் பயனாகப் பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது, அப்போதைய அரசியாரும் பெருநிலப் பிரபுக்களும் சீனிக் கம்பனியும் அதிற் காணப்பட்டனர். ஏழைக் கமக்காரனின் பெயரால் நடந்த கொடையின் மெய்யுருவத்தை மக்கள் கண்டனர். பின்னர், 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி உறுப்புநாடுகள் அனைத்தும் பெறுவோரின் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை வெளியிட வேண்டுமென விதித்தது.

2010 நவம்பர் 9ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை வெட்டியது. ஜேர்மனியின் வீஸ்பாடன் நிருவாக நீதிமன்றம் அனுப்பிய வழக்குகளில் அது தீர்ப்பளித்தது. தொகை, காலம், கொடுப்பனவின் தன்மை ஆகியவற்றை வேறுபடுத்தாது தனியாட்கள் எல்லோரையும் ஒருசேர வெளிப்படுத்துதல் அளவுமீறியது என்பதே அதன் முடிபு. சிற்றூரொன்றில் எளிய கமக்காரனின் வருவாயை அயலவர் அறிந்துகொள்வர் என்னும் அச்சத்தை நாம் எள்ளி நகையாட முடியாது. அதனைப் போக்கும் வழி தீர்ப்பிலேயே இருந்தது. ஆயினும், புதிய விதி பிறக்கும் வரையில் பயனடைந்தோர் யாவர்? பத்து ஏக்கர் உழுபவனையும் பல்லாயிரம் ஏக்கருக்கு அதிபதியானவனையும் சட்டம் 'தனியாள்' என்றே அழைத்தது. சொல் இருவர்க்கும் பொது, வாழ்வு அவ்வாறன்று. சிறியவனின் நாணத்தைப் போர்வையாக்கிப் பெரியவன் மறைந்துகொண்டான்.

2013ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி இதனை ஓரளவு திருத்தியது. சிறு கமக்காரர் திட்டத்தின் தொகைக்கு மேற்படாது பெறுவோரின் பெயரை விடுத்து ஏனையோரின் பெயரை வெளியிட வகைசெய்தது. அத்திட்டம் இல்லாத நாடுகளுக்கு 1,250 யூரோ எல்லையாயிற்று. வேறுபாட்டை உணர்ந்த இவ்விதியை நாம் வரவேற்கிறோம். ஆனால் வெளியிட்ட விவரம் இரண்டாண்டுகளே மக்கள் பார்வையில் இருக்கும் என்பது பெருங்குறை. ஒரு குடும்பம் தலைமுறைக் கணக்கிற் பெற்றதை இரண்டாண்டுப் பட்டியல் காட்டாது. மேலும், தொகையைக் கூறும் அவ்விதி நிலத்தின் பரப்பையோ அங்கு உழைப்போரின் தொகையையோ கூறுமாறு கேட்கவில்லை. காரணத்தை மறைத்து விளைவை மாத்திரம் காட்டும் பட்டியல் அரைகுறையானதே.

பெயர்ப்பட்டியலொன்றினால் நீதி பிறந்துவிடாது. ஆயினும் யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்று அறியாத மக்கள் பங்கீட்டின் நீதியைப்பற்றி வாதிடவே இயலாது. வறியவனின் ஒதுக்கத்தைக் காப்பதும் செல்வனின் கணக்கைத் திறப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. இரண்டையும் ஒருங்கே கோருவதே நம் கடமை.